இரண்டு பேர் என்று எழுதினேன்

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, தீபாவளி முடிந்து மூன்று வாரம் இருக்கும், பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஆற்றை ஒட்டி இருந்த எங்கள் லோரோங்கில் நடந்தது இது. லோரோங் என்று நாங்கள் சொல்வது ஒரு சந்துதான். எதிரெதிரே இரண்டு கார் வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கியாக வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து இருபத்திரண்டு ஒற்றை மாடி வீடுகள். அதில் ஒன்றில் நானும் என் மனைவியும் முப்பத்தோரு வருடம் குடியிருந்தோம். இப்போது எனக்கு வயது எழுபத்தாறு. மனைவி இல்லை. மகன் வீட்டில், பதினேழாவது மாடியில் இருக்கிறேன். இங்கே எவ்வளவு மழை பெய்தாலும் அது ஜன்னலுக்கு வெளியே நடக்கிற விஷயம். அந்தச் சந்தில் அப்படி இல்லை.

அங்கே நாங்கள் மழையைவிடக் கடலைத்தான் கவனிப்போம். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் ஏறுகிற நேரமாகப் பார்த்துப் பெருமழையும் சேர்ந்துகொண்டால், ஆற்றுக்குப் போக வேண்டிய தண்ணீர் கால்வாய் வழியாகத் திரும்பி எங்களிடமே வந்துவிடும். எல்லார் வீட்டிலும் ஐஸ்பெட்டி, அதாவது ஃபிரிட்ஜ், செங்கல் மேல் நிற்கும். பிளக் பாயிண்டுகள் நெஞ்சு உயரத்தில் இருக்கும். கல்யாணமாகிப் புதிதாக வருகிற பெண்ணுக்கு மாமியார் முதலில் காட்டுவது, அரிசி மூட்டையை எந்தத் தட்டில் ஏற்ற வேண்டும் என்பதைத்தான்.

முன்பெல்லாம் எங்களுக்கு எச்சரிக்கை கொடுத்தவர் சந்தின் முதல் வீட்டிலிருந்த சீனப் பெரியவர். டாக்சி ஓட்டியவர். கால்வாயின் நிறம் மாறிவிட்டதென்று தெரிந்ததும் டாக்சிக்குள் போய் உட்கார்ந்து மூன்று முறை நீளமாக ஹாரன் அடிப்பார். ஐந்து நிமிடத்தில் எல்லார் வீட்டுப் பாயும் தலையணையும் அலமாரி மேல் ஏறிவிடும். தண்ணீர் முழங்கால் வரைக்கும் வரும், இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும், பிறகு வந்த வழியே போய்விடும். எல்லாரும் துடைப்பத்தோடு இறங்கிச் சேறு தள்ளுவோம். யாராவது ஒரு வீட்டில் பெரிய பானை நிறையத் தேநீர் போட்டு, கிடைக்கிற குவளையிலெல்லாம் ஊற்றித் தருவார்கள். அந்தத் தேநீருக்காகவே வெள்ளம் வரலாம் என்று என் மனைவி சொல்வாள்.

பெரியவர் காலமானதும் டாக்சியை விற்றுவிட்டார்கள். அதற்கு அடுத்த வருடம், எங்கள் வட்டாரத்தில் அவசர எச்சரிக்கைக்குப் பதிந்துகொள்ளும்படி அறிவிப்பு வந்தது. வெள்ள அபாயம் இருந்தால் பதிந்தவர்களின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வரும். அதோடு ஒரு பட்டியலும் தயாராகும். எந்த வீட்டில் எத்தனை பேர், நடக்க முடியாதவர்கள் யாரும் உண்டா என்று அதில் குறித்திருக்கும். மீட்புப் படகு புறப்பட்டால் அப்படிக் குறித்த வீடுகளுக்கு முதலில் போகும். அதற்கான பாரம், அதாவது விண்ணப்பப் படிவம், மலாய் மொழியில் இருந்தது. எழுதப் படிக்கத் தடுமாறுகிறவர்களும் வயதானவர்களும் எங்கள் வட்டாரத்தில் நிறைய. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரையும் சமூக மண்டபத்துக்கு வரச் சொல்லிவிட்டு, பாரம் நிரப்பித் தர முடியுமா என்று குடியிருப்பாளர் குழுவில் என்னைக் கேட்டார்கள்.

என்னைக் கேட்டதில் ஆச்சரியமில்லை. நான் முப்பத்தாறு ஆண்டுகள் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். தமிழில் சாட்சி சொல்வதை ஆங்கிலத்திலும் மலாயிலும் நீதிபதிக்குச் சொல்ல வேண்டும், நீதிபதியும் வழக்கறிஞர்களும் கேட்பதைத் தமிழில் சாட்சியிடம் கேட்க வேண்டும். இந்த வேலைக்கு ஒரே ஒரு விதிதான். சாட்சி சொன்னதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அவன் பொய் சொல்கிறான் என்று உனக்குத் தெரிந்தாலும் அந்தப் பொய்யை அப்படியே சொல். அந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை. ஓய்வு பெற்றபோது ஒரு நீதிபதி இதைச் சொல்லிப் பாராட்டினார். அந்தப் பாராட்டைப் பல பேரிடம் பல முறை சொல்லியிருக்கிறேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இனி ஆப்பக்கார அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயது சின்னவர்தான். ஆனால் சந்தில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் ஆப்பக்கார அக்கா. எங்கள் வீட்டிலிருந்து ஏழு வீடு தள்ளி, ஆற்றுப் பக்கக் கடைசி வீடு. விடிந்ததும் வாசலில் நான்கு அடுப்பு எரியும். நான்கு சட்டிகளையும் இரண்டு கையால் மாற்றி மாற்றிச் சுழற்றுவார். மாவு சட்டியின் விளிம்புக்கு ஓடிப் போய் ஒட்டிக்கொள்ளும். பேச்சும் சட்டியைப் போலவே நிற்காமல் சுழலும். கணவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. ஒரு மகன், ஒரு மகள். மகள் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள்.

மகன் கடலுக்கு அக்கரையில், ஜுருவில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒருநாள் வேலைக்குப் போகும்போது பாலத்தில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்து முதுகெலும்பில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போய்விட்டது. அப்போது அவனுக்கு இருபத்தைந்து வயது. பின்னறையில், ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டுப் படுத்திருப்பான். மாலை நடைக்குப் போகும்போது அந்த ஜன்னலுக்கு வெளியே நான் நிற்பேன். வெகுநேரம் பேசுவோம். கைப்பேசியை எப்படிப் பயன்படுத்துவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் அவன்தான். நான் தவறான இடத்தைத் தொட்டுவிட்டால், "சார், அப்ஜெக்‌ஷன்" என்பான். அவன் அறையில் எப்போதும் வானொலி பாடிக்கொண்டிருக்கும். என் வாழ்க்கையில் நான் மிகவும் விரும்பிய மாலைகள் அவை. அதை அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த வருடம் மகளுக்கு ஒரு நல்ல வரன் வந்தது. மாப்பிள்ளை கார்ப் பட்டறை வைத்திருந்தார். அவருடைய அத்தை ஒருவர் எங்களுக்குப் பின் லோரோங்கில்தான் இருந்தார். படுத்த படுக்கையாக ஒரு அண்ணன் இருக்கிறான் என்று தெரிந்தால், அவனைப் பார்த்துக்கொள்ளும் சுமை தங்கள் மேல் விழும் என்று மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்களோ என்று அக்காவுக்குப் பயம். அதனால் மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான் என்று சொல்லிவிட்டார். பெண் பார்ப்பதைக்கூடத் தன் வீட்டில் வைக்காமல் மாக் மண்டினில் இருந்த தன் தம்பி வீட்டில் வைத்துக்கொண்டார். கல்யாணம் முடியட்டும், பிறகு நானே காலில் விழுந்து சொல்லிவிடுகிறேன் என்று எங்கள் எல்லாரிடமும் வந்து கேட்டுக்கொண்டார். சந்து முழுவதும் அந்தப் பொய்யைக் காப்பாற்றியது. யாராவது வெளியாள் கேட்டால் மலாய்க்கார வீட்டுப் பிள்ளைகூட "சிங்கப்பூர்" என்று சொல்லும். மகனே அதைக் கேலி செய்வான். "இங்க சிங்கப்பூர்ல இன்னைக்கு நல்ல மழை சார்" என்று ஜன்னல் வழியாகச் சொல்வான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. நான் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி. ஒவ்வொருவராக வந்து உட்கார, மலாயில் இருந்த கேள்வியைத் தமிழில் கேட்டு, பதிலை மலாயில் எழுதினேன். சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் பக்கத்து மேசைகளில் வேறு ஆட்கள். அவர்கள் குனிந்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரின் குரல் நீதிபதிக்கும் எட்ட வேண்டும், இரண்டு தரப்பு வழக்கறிஞருக்கும் எட்ட வேண்டும், கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டும். என் குரல் எட்டியது. அப்படி எட்டுவதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் வீட்டுப் பாரத்தை முதலிலேயே நிரப்பிவிட்டேன். மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்ததால் நடக்க முடியாதவர் என்ற கட்டத்தில் அவளைக் குறித்தேன்.

ஆப்பக்கார அக்கா வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் மூன்றாவது ஆளாக மாப்பிள்ளையின் அத்தை நின்றிருந்தார். அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பெயர், அடையாள அட்டையின் ஐ.சி. எண், கைப்பேசி எண் எல்லாம் எழுதினேன். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன்.

"ரெண்டு பேரு சார். நானும் சின்னவளும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த கேள்வியை அப்படியே, ஒரு சொல் விடாமல், அதே குரலில் கேட்டேன். நடக்க முடியாதவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், பிறர் உதவி இல்லாமல் வெளியே வர முடியாதவர்கள் யாராவது வீட்டில் இருக்கிறார்களா?

"இல்ல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"என்ன சார், கோர்ட்டுல கூண்டுல நிக்க வச்ச மாதிரி கேக்குறீங்க. இல்லன்னா இல்லதான் லா. எழுதுங்க."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அந்த வயதில், அத்தனை பேர் முன்னிலையில். சரி, நீ சொல்வதைத்தானே நான் எழுத வேண்டும், எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு பேர், நடக்க முடியாதவர் இல்லை என்று எழுதி அவர் முன்னால் தள்ளினேன். அவர் கையெழுத்துப் போட்டார். பாரம் பெட்டிக்குள் போனது.

சாயங்காலம் ஜன்னல் பக்கம் போய் விஷயத்தைப் பேசித் திருத்திவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது உண்மைதான். ஆனால் அன்றைக்கு மனத்தாங்கல். மறுநாள் மழை. அதற்கடுத்த நாள் பெட்டியை எடுத்துப் போய்விட்டார்கள். பிறகு மறந்துவிட்டேன். முழுக்க மறந்தேனா என்று கேட்டால், ஜன்னலுக்கு முன்னால் நின்று பேசும்போதெல்லாம் கொஞ்சம் நினைவு வந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

வெள்ளம் வந்தது ஒரு வேலை நாளில். விடியும்போதே மழை வலுத்திருந்தது. பத்து மணிவாக்கில் கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்தது. ஆற்றில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டிவிட்டது, தயாராக இருக்கவும் என்று. நான் அதை மனைவிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நான் பதிந்து கொடுத்த ஏற்பாடு வேலை செய்கிறதே என்று பெருமையாகக்கூட இருந்தது. வீட்டுப் பத்திரங்களை எடுத்துக் கட்டினேன். புத்தகங்களை மேல் தட்டில் அடுக்கினேன். நான் ஓய்வு பெற்ற நாளில் எடுத்த புகைப்படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அலமாரிக்கு மேலே வைத்தேன். இதற்கெல்லாம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஏழு வீடு தள்ளிப் போய்ப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. சந்தில் உடம்பில் வலுவுள்ளவர்கள் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள்.

நடுப்பகலில் தண்ணீர் வாசலைத் தாண்டியது. வழக்கம்போல முழங்காலோடு நிற்கும் என்றுதான் நினைத்தோம். நிற்கவில்லை. தொடைக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. சாப்பாட்டு மேசை மேல் மனைவியை உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். செங்கல் மேல் இருந்த ஐஸ்பெட்டி மெதுவாகச் சாய்ந்து மிதந்தது. அப்போது படகுச் சத்தம் கேட்டது. பட்டியலில் குறித்த வீடு என்பதால் எங்கள் சந்தில் எங்களிடம் முதலில் வந்திருந்தார்கள். இரண்டு மீட்பாளர்கள், இருவரும் மலாய் இளைஞர்கள். மனைவியைப் பூப்போலத் தூக்கிப் படகின் முன்முனையில் உட்கார வைத்தார்கள். நான் பின்னால் உட்கார்ந்தேன், எஞ்சின் சத்தத்தில் இங்கே பேசுவது அவளுக்கு எட்டாது. படகில் ஏற்கெனவே பின் லோரோங்கிலிருந்து ஏற்றிய மூன்று பேர் இருந்தார்கள். எனக்கு நேரெதிரே மாப்பிள்ளையின் அத்தை, தலையில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மீட்பாளர்களில் ஒருவர் பிளாஸ்டிக் உறையில் இருந்த பட்டியலைப் பார்த்து, எங்கள் சந்து வீடுகளை ஒவ்வொன்றாகப் படித்து என்னிடம் சரிபார்த்தார். இது காலி வீடு, இதில் எல்லாரும் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசி வீட்டுக்கு வந்தார். இரண்டு பேர், நடக்கக்கூடியவர்கள், படகு நிறைந்துவிட்டது, அடுத்த முறை வரும்போது பார்க்கலாம், சரிதானே என்று மலாயில் கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன்.

இதை எழுதுவதற்கு எனக்கு ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது. அவர் கேட்டது என்னை. பதில் எனக்குத் தெரியும். எதிரே அந்த அம்மா உட்கார்ந்திருக்கிறாரே, ஒரு பெண்ணின் கல்யாணத்தை நான் கெடுக்கலாமா என்று ஒரு நினைப்பு ஓடியது. அது ஒன்றுதான் காரணம் என்றால் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கும். எழுதினதற்கு மாறாக இப்போது வேறு சொன்னால், அப்புறம் ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்பார்களே என்ற நினைப்பும் சேர்ந்தே ஓடியது.

படகு திரும்பியது. பத்துப் பதினைந்து அடி போயிருக்கும். அத்தை முன்னால் சாய்ந்து என்னிடம் கேட்டார்.

"சார், அந்தக் கடைசி வீட்டுப் பையன் உள்ளதான இருக்கான்?"

அவன் சிங்கப்பூரில் அல்லவா என்று ஏதோ முனகினேன்.

"எனக்குத் தெரியும் சார். ரொம்ப நாளா தெரியும். கேட்டா அந்தம்மா மனசு சங்கடப்படும்னுதான் எங்க வீட்டுல யாரும் கேக்கல. நீங்க இப்ப இவங்ககிட்ட சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

எனக்கு யோசிக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. மீட்பாளரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, சந்தையில் பேசுகிற மலாயில், அந்த வீட்டில் கால் விளங்காத பையன் ஒருவன் படுத்திருக்கிறான், தூக்க நான்கு பேராவது வேண்டும் என்று சொல்லிவிட்டார். மூன்று மொழி தெரிந்த நான் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

மீட்பாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாக்கி டாக்கியில் இன்னொரு படகைக் கூப்பிட்டார். எங்கள் படகில் இனி இடமில்லை. நான் இறங்கிக்கொள்கிறேன் என்றேன், இழுப்பு அதிகமாக இருக்கிறது என்று விடவில்லை. எங்களை நிவாரண மையமாக்கியிருந்த பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டார்கள். அந்த இன்னொரு படகு கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். அந்த நாற்பது நிமிடமும் பள்ளிக்கூட வாசலில் மழையில் நின்றேன். என் மனைவி உள்ளே கூப்பிட்டாள், போகவில்லை. அவளிடம் நடந்ததைச் சொல்லவும் இல்லை.

அவனைக் கதவுப் பலகை ஒன்றில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். உதடு நீலமாக இருந்தது. இருமிக்கொண்டிருந்தான், இருமியதால் உயிர் இருக்கிறது என்று தெரிந்தது. பக்கத்தில் அக்கா. வலது கை தனக்குச் சொந்தமில்லாதது போலத் தொங்கியது.

உள்ளே நடந்தது பிறகுதான் தெரிந்தது. அவசர எண்ணுக்குப் பல முறை அழைத்துப் பார்த்திருக்கிறான், லைன் கிடைக்கவில்லை. தண்ணீர் கட்டிலைத் தொட்டதும் அக்கா அவனைத் தரதரவென்று இழுத்துப் போய்ச் சாப்பாட்டு மேசை மேல் ஏற்றியிருக்கிறார். தண்ணீர் மேசைக்கும் மேலே வந்ததும், அவனுக்குப் பின்னால் பெஞ்சு போட்டு ஏறி நின்று, அக்குளுக்கடியில் கையைக் கோத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். ஆற்றுத் தண்ணீர் பின்கதவு வழியாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. நீயாவது ஜன்னல் மேலே ஏறிக்கொள், என்னை விட்டுவிடு என்று அவன் சொன்னானாம். வாயை மூடு, பேசினால் கனம் கூடுது என்று அக்கா திட்டினாராம்.

மூன்றாவது நாள் மருத்துவமனைக்குப் போனேன். நுரையீரலில் தண்ணீர் இறங்கியிருந்தது, பத்து நாள் வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவன் முதலில் சொன்னது, "சார், சிங்கப்பூர்லேர்ந்து வந்துட்டேன்." அதற்குச் சிரிக்க முடியாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அக்கா கையில் கட்டோடு பக்கத்தில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குத் தெரிந்தே எழுதியது, திருத்தாமல் விட்டது, படகில் தலையாட்டியது வரைக்கும்.

அக்கா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் சொன்னதத்தான சார் எழுதுனீங்க. பொய் சொன்னது நான்."

வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த நொடியில் எனக்கு ஆறுதலாக இருந்தது. முப்பத்தாறு வருடம் நான் காப்பாற்றிய விதி இப்போது என்னைக் காப்பாற்றுகிறது என்று தோன்றியது. அப்போது அவன் பேசினான். கோபமே இல்லை. மூச்சு வாங்க வாங்க, நான் தவறான பொத்தானைத் தொட்டால் சொல்வானே, அதே மாதிரிதான் சொன்னான்.

"அம்மா வேற என்ன சார் சொல்லுவாங்க? அத்தன பேரு நிக்கிறாங்க, மாப்ள வீட்டு ஆளும் நிக்கிறாங்க. நீங்க வீட்டுக்கு வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. ஏழு வீடுதான சார்."

அதுவரைக்கும் என் தவறு, ஒரு பொய்யைத் தெரிந்தே எழுதியது என்று நினைத்திருந்தேன். அந்தப் பொய்யை அவர் வாயிலிருந்து வரவழைத்ததே நான்தான் என்பது அப்போதுதான் புரிந்தது.

அந்தக் கல்யாணம் நடந்தது. மறைக்க ஒன்றும் மிச்சமில்லாததால் பெண் வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டார்கள். மாப்பிள்ளையின் அத்தைதான் பெண்ணின் அண்ணனுக்குச் சக்கர நாற்காலி ஏற்பாடு செய்து மேடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அக்காவின் தோள் சரியாகவே இல்லை. சட்டி சுழற்றும்போது பாதியில் கை நின்றுவிடும். சில மாதம் அடுப்பு எரியவில்லை. பிறகு ஒருநாள் காலையில் நடக்கப் போனபோது பார்த்தேன், வாசலில் சக்கர நாற்காலியில் மகன் உட்கார்ந்து நான்கு சட்டியையும் சுழற்றிக்கொண்டிருந்தான். முதல் வாரம் ஆப்பம் எல்லாம் கோணலாக இருந்தது. சந்து முழுவதும் அதை வாங்கித் தின்றது. "சார், கம்ப்ளெய்ன் இருந்தா எழுதிக் குடுங்க" என்பான். பின்னறை ஜன்னலுக்கு இனி நான் போக வேண்டியிருக்கவில்லை, அவன்தான் தெருவிலேயே இருந்தானே. வாசலில் ஒரு முக்காலி போட்டு எனக்கும் இடம் கொடுத்தான். என் மனைவி போன பிறகு அந்த முக்காலியில் உட்கார்ந்துதான் பல காலைகளைக் கழித்தேன்.

வெள்ளத்துக்குப் பிறகு பட்டியலைப் புதிதாக எழுதினார்கள். இந்த முறை நானாகப் போய்க் கேட்டுப் பாரங்களை வாங்கிக்கொண்டேன். மண்டபம் வேண்டாம் என்றேன். ஒவ்வொரு வீடாகப் போய், உட்கார்ந்து, அவர்கள் கொடுத்ததைக் குடித்துவிட்டு, மற்றவர்கள் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன். இருபத்திரண்டு வீட்டுக்கும் ஒரு மாதம் ஆனது. முந்தைய பட்டியலில் "இல்லை" என்று என் கையால் எழுதியிருந்த வீடுகளில் இன்னும் மூன்று வீட்டில் பதில் மாறியது. ஒரு வீட்டில், முப்பது வருடமாகத் தினமும் எனக்கு வணக்கம் சொல்லும் ஒருவர், தனக்கு இரண்டு கண்ணும் கிட்டத்தட்டப் போய்விட்டதென்றும், என் குரலை வைத்துத்தான் வணக்கம் சொல்வதாகவும் சொன்னார்.

இப்போது இந்த மாடியில் எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. அதில் பெரும்பாலும் அந்த லோரோங்கைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சில நாட்களில் மட்டும் நினைப்பு அதையும் தாண்டி நீதிமன்றத்துக்குப் போய்விடுகிறது. எத்தனையோ பெண்கள், எத்தனையோ தொழிலாளிகள் என் முன்னால் நின்று "இல்லை" என்று சொல்லியிருக்கிறார்கள். அடித்தானா, இல்லை. பயமுறுத்தினானா, இல்லை. அதை நான் ஒரு சொல் குறையாமல் நீதிபதிக்குச் சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறேன். அவற்றில் எத்தனை "இல்லை" உண்மை, எத்தனை "இல்லை" அத்தனை பேர் நடுவில் கேட்டதால் வந்தவை என்று எனக்குத் தெரியாது, அதை இனிமேல் போய்க் கேட்பதற்கு அவர்களில் ஒருவருடைய வீடும் எனக்குத் தெரியாது.